காசின் முகத்தில் எவர் எழுத்து?

காசு என்ற சொல்லைக் கடைத்தெருவில் நாள்தோறும் கேட்கிறோம். குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையார் காட்டும் காசோ கடைத்தெருக் காசன்று. புது நூலில் கோப்பதற்காக நகநுனியில் பற்றிய பொற்காசு, அணிகலக் காசு. கிளியின் அலகில் இருக்கும் வேப்பம்பழத்துக்கு அதை உவமையாக்கினார் அவர். இலக்கணப் புலவரும் இச்சொல்லை விடவில்லை. நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளுள் ஒன்றில் முடியாத குறள் இல்லை. மாணவர் இதை மறவாமல் ஒப்பிப்பர். ஏன் காசு என்று கேட்பவர்தாம் அரியர்!

சொல் தமிழரிடம் இருந்தது. காசின் முகத்தில் இருந்த எழுத்து எவருடையது?

பாண்டியன் பெருவழுதி தன் பெயரைத் தமிழில் பொறித்தான். சேரன் மாக்கோதையும் அவ்வாறே செய்தான். தக்காணத்தை ஆண்ட சாதவாகனர் வெள்ளிக் காசுகளின் ஒருபுறம் பிராகிருதம், மறுபுறம் திராவிட மொழி. அது தமிழே என்பர் அறிஞர் பலர். வடபுலத்து மொழியை அரசவையில் வளர்த்தவர்களும், வாங்குவோன் மொழியைக் காசில் மதித்தனர்.

ஆனால் தஞ்சையில் நடந்தது என்ன? இராசராசன் எழுப்பிய பெரிய கோயிலின் சுவரைப் படியுங்கள். ஊர்ச் சபைகளுக்குக் கோயில் கொடுத்த கடனுக்கு, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை. அதாவது நூற்றுக்கு 12½ வட்டி! ஆண்டவன் கருவூலம் வட்டி கேட்டது தமிழில். அதே மன்னன் வெளியிட்ட காசிலோ அவன் பெயர் நாகரி எழுத்தில்! அந்த வட்டிக்காக நெல் விளைவித்த உழவனுக்கு அந்த எழுத்து என்ன சொல்லியிருக்கும்?

1957 ஏப்ரல் 1இல் ரூபாய் 100 நயா பைசா ஆயிற்று. பெயரும் இந்தி, பொறிப்பும் இந்தி, துணைக்கு ஆங்கிலம். நாணயம் என்றால் நேர்மை என்றும் பொருள் கொள்ளும் நாட்டில், நாணயத்தின் முகத்தில் நாட்டு மொழிக்கு இடமில்லை. மக்கள் மாநாடு கூட்டவில்லை, தீர்மானம் போடவில்லை. பத்துக் காசு, இருபத்தைந்து காசு என்று தம் சொல்லையே வழங்கினர். தில்லி அச்சடித்ததைத் தெரு திருத்திற்று.

2009இல் அண்ணா நூற்றாண்டு நாணயத்தில் அவர் கையொப்பம் தமிழில் வந்தது. 2024இல் கலைஞர் நூற்றாண்டு நாணயத்தில் ‘தமிழ் வெல்லும்’ என்ற தொடர் வந்தது. இரண்டும் நினைவு நாணயங்கள். சந்தையில் கைமாறும் அன்றாட ரூபாயில் இன்றும் இந்தியும் ஆங்கிலமுமே இருக்கின்றன.