இடுப்பு மூட்டு குறைபாடு: ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் உடம்பால் எவ்வளவு முடியும்?

பாசிர் கூடாங்கில் எட்டு மணி நேரம் நின்றபடி வேலை. வீடு திரும்ப மோட்டார் சைக்கிளில் காலைத் தூக்கிப் போட்டால் தொடை இடுக்கில் சுருக்கென்று வலிக்கிறது. "இடுப்பு பிடிச்சிருக்கு, எண்ணெய் போட்டு நீவி விட்டா சரியாப் போயிடும்" என்பார்கள் வீட்டில். இருபது, முப்பது வயதுக்காரருக்கு, அதிலும் பெண்களுக்கு, இந்த வலி மாதக் கணக்கில் நீடித்தால் 'ஹிப் டிஸ்பிளாசியா' காரணமாக இருக்கலாம்.

என்ன கோளாறு?

தொடை எலும்பின் உருண்டையான தலை, இடுப்பெலும்பில் உள்ள ஒரு கிண்ணத்துக்குள் சுழல வேண்டும். சிலருக்கு அந்தக் கிண்ணம் போதிய ஆழமில்லாமல் அமைந்துவிடுகிறது. உடல் எடை விளிம்பில் உள்ள சிறிய இடத்தில் இறங்குவதால் அங்குள்ள குருத்தெலும்பு சீக்கிரமே தேய்கிறது. கிண்ணம் தலையை எவ்வளவு மூடியிருக்கிறது என்பதை எக்ஸ்ரேயில் கோணமாக அளப்பார்கள். 25 டிகிரிக்கு மேல் இருந்தால் இயல்பு. 20-க்குக் கீழ் இருந்தால் குறைபாடு.

குழந்தைப் பருவத்தில் கண்ணில் படாமல் போனது, பெரியவரான பிறகுதான் வலியாகத் தலைகாட்டும். முதுகு வலி, தசைப் பிடிப்பு என்று வேறு சிகிச்சைகளில் காலம் ஓடிவிடும். 2011-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வலி தொடங்கி நோய் இன்னதென்று தெரிய சராசரியாக 5 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தத் தாமதம்தான் ஆபத்து. ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம்.

ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்?

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் டாக்டர் ரெய்ன்ஹோல்ட் கான்ஸ் 1984-இல் தொடங்கிய முறை இது. கிண்ணத்தைச் சுற்றி எலும்பை வெட்டி, கிண்ணத்தைத் திருப்பி, தொடை எலும்பின் தலையை நன்றாக மூடும்படி வைத்து ஸ்க்ரூ போடுவார்கள். செயற்கை மூட்டு வைப்பதில்லை. சொந்த மூட்டே மிஞ்சுகிறது. இடுப்பு வளையத்தின் பின்பகுதியை வெட்டாமல் விடுவதால் பெண்களுக்குப் பிறகு சுகப்பிரசவத்துக்கும் பொதுவாக வழி உண்டு. இதற்கென்று தனிப் பயிற்சி வேண்டும். எல்லா எலும்பு டாக்டர்களும் இதைச் செய்வதில்லை.

முதலில் இருந்ததைவிட மோசமாகும்

இதை முன்கூட்டியே சொல்லி வைக்காததால்தான் பலர் மனம் உடைந்து போகிறார்கள். ஆபரேஷனுக்கு முன் நொண்டியாவது நடந்தவர், பிறகு ஆறு முதல் எட்டு வாரம் இரண்டு ஊன்றுகோல்களோடுதான் நடமாட வேண்டும். அந்தக் காலில் முழு எடையைப் போடக்கூடாது. லிஃப்ட் இல்லாத ஃபிளாட், மாடியில் படுக்கையறை, குந்தி உட்காரும் கழிவறை, தரையில் மெத்தை எல்லாமே சிக்கல்தான். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்பே கமோட் நாற்காலி ஒன்றை ஏற்பாடு செய்துகொள்வது புத்திசாலித்தனம்.

சுமார் மூன்று மாதத்தில் பலர் ஊன்றுகோல் இல்லாமல் நடப்பார்கள். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு அதற்கு முன்பே திரும்பலாம். நின்று செய்யும் வேலைக்கும் பாரம் தூக்குவதற்கும் மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம். விளையாட்டுக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு. மோட்டார் சைக்கிள் எப்போது என்பதை டாக்டரிடம் கேட்காமல் முடிவு செய்ய வேண்டாம். இடுப்புத் தசை பலம் பெறுவது பிசியோதெரபியால்தான். வலி குறைந்ததும் அதை நிறுத்திவிடுபவர்களுக்கு நொண்டல் நீடிக்கலாம்.

எது திரும்பும், எது திரும்பாது?

பெரும்பாலோருக்கு வலி நன்றாகக் குறையும். நீண்ட தூரம் நடக்கலாம், படி ஏறலாம். ஆனால் கிண்ணம் முன்பக்கம் கூடுதலாக மூடுவதால் காலை முழுதாக மடக்குவது சிலருக்குக் குறையும். சம்மணம் போட்டுச் சாப்பிடுவது, தோட்டத்தில் குந்திக் களை பிடுங்குவது முன்போல இல்லாமல் போகலாம். தொடையின் வெளிப்புறம் மரத்துப்போவது அடிக்கடி நடப்பதுதான். இரத்தக் கட்டி, நரம்புப் பாதிப்பு, எலும்பு சரியாகக் கூடாமை ஆகிய அபாயங்களும் உண்டு.

பெர்னில் முதலில் செய்யப்பட்ட 75 மூட்டுகளில், 20 ஆண்டுகளுக்குப் பின் சுமார் 60 விழுக்காடு செயற்கை மூட்டு தேவைப்படாமல் இருந்தன. ஆபரேஷனுக்கு முன்பே தேய்மானம் கூடியிருந்தவர்களுக்கும் வயது கூடியவர்களுக்கும் பலன் குறைவாக இருந்தது. குருத்தெலும்பு போன பிறகு கிண்ணத்தைத் திருப்பி பெரிய பயன் இல்லை. மூட்டு மாற்றுச் சிகிச்சைதான் வழி. ஐந்து ஆண்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டே காத்திருப்பதன் விலை இது.

ஜொகூரில் எங்கே தொடங்குவது?

அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக்கில். மலேசியர்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். "தொடை இடுக்கில் வலி" என்று இடத்தைத் தெளிவாகக் காட்டுங்கள், எக்ஸ்ரே பற்றிக் கேளுங்கள். தேவைப்பட்டால் எலும்பு நிபுணரிடம் அனுப்பக் கடிதம் தருவார்கள்.

லீவு கணக்கையும் முன்பே பார்க்க வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள வேலைச் சட்டத் திருத்தப்படி, மருத்துவமனைச் சிகிச்சைக்கு ஆண்டுக்கு 60 நாள் சம்பளத்துடன் லீவு உண்டு. வழக்கமான எம்சி நாள்கள் அதில் கழியாது. பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்பவர்களுக்கு அந்நாட்டுச் சட்டம்தான் பொருந்தும். அங்கும் 60 நாள்தான், ஆனால் சாதாரண எம்சியின் 14 நாளும் அந்த 60-க்குள்ளேயே அடங்கும். நின்று வேலை செய்பவருக்கு இரண்டு கணக்குமே போதாமல் போகலாம். இரண்டு பக்க இடுப்பிலும் குறைபாடு இருந்தால் சில மாத இடைவெளியில் இன்னொரு ஆபரேஷனும் வரும். தேதி குறிக்கும் முன் முதலாளியிடம் இதைப் பேசி, எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.