பத்துப் பேர் கூடினால்

முத்துக்குளித்துறையிலிருந்து குமரிமுனையைச் சுற்றி மேற்கே செல்லும் கடல்வழியில் உள்ளது கொச்சி. அக்கரையில் யூதர் வேரூன்றியதற்குச் சான்று, கி.பி. 1000 அளவில் பாஸ்கர இரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்கு அளித்த வட்டெழுத்துச் செப்பேடு. ஆண்டு முழுவதும் அவர்களுக்கு நோன்பும் விழாவும் மாறிமாறி வரும். ஆடியை ஒட்டி, எருசலேம் ஆலயம் இருமுறை அழிந்த துயரை எண்ணி உண்ணாதிருப்பர். புரட்டாசியை ஒட்டிப் புத்தாண்டு. அதன் பத்தாம் நாள் நீரும் அருந்தாத யோம் கிப்பூர் நோன்பு. பின்னர்க் கூடாரத் திருவிழா. பங்குனியை ஒட்டி எஸ்தர் நோன்பு. அடுத்துப் பூரிம் களிப்பு.

நோன்பைத் தனியொருவர் நோற்கலாம். முறையான கூட்டு வழிபாட்டுக்கோ, அவர்தம் மரபில், வயதுவந்த ஆடவர் பதின்மர் வேண்டும். 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். 1568இல் எழுந்த மட்டாஞ்சேரித் தொழுகைக் கூடத்தில் அப்பதின்மரைச் சேர்ப்பதே பின்னாளில் அரிதாயிற்று. நோன்பு நாள் ஆண்டுதோறும் தவறாது வரும். கூடி நோற்போர் இருந்தாலன்றி அது ஊரின் நாள் ஆவதில்லை.