ஏடு ஏடாக உரியும் உலோகம்

பாலாற்றங்கரையிலுள்ள எங்கள் மாதனூர்ப் பக்கத்தில் உப்பு என்றால் பச்சைத் தோலைக் கெடாமல் காக்கும் பொருள். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடும் சாலைகளுக்குத் தோல் உப்பிட்டே வந்து சேரும். தோலைக் காக்கும் அதே உப்பு உலோகத்தை அழிப்பதும் உண்டு. அவ்வழிவுகளுள் விசித்திரமான ஒன்றன் வரலாற்றை மாணவர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

நம் மாகாணத்தில் தோலுக்கும் அலுமினியத்துக்கும் ஒருங்கே பணியாற்றியவர் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் பொறியியல் பேராசிரியர். 1898-இல் சென்னைக் கலைப்பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். சில ஆண்டுகள் கழித்துக் குரோமியம் கொண்டு தோல் பதனிட்டு, அத்தோலைக் கவலைச் சால்களுக்குப் பயன்படுத்தினார். சமையற் பாத்திரத்து அலுமினியம் ஏறக்குறையக் கலப்பற்றது, மென்மையானது. உப்பும் புளியும் அதைப் புள்ளி புள்ளியாக அரிக்குமேயன்றி ஏடாக உரிப்பதில்லை.

ஆனால் பாத்திரத்துக்குப் போதுமான வலிமை விமானத்துக்குப் போதுமா? ஜெர்மானியரான ஆல்பிரட் வில்ம், செம்பும் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைக் காய்ச்சிக் குளிர்வித்து வைத்தால் சில நாட்களில் அது தானே கடினமாவதை 1906-இல் கண்டார். அதிலிருந்து பிறந்ததே துராலுமின். பின்னர்த் துத்தநாகம் மிகுந்த, இன்னும் வலிய கலவையை 1936-இல் ஜப்பானியரும், 1943-இல் அமெரிக்கரும் ஆக்கினர். வலிமை வந்தது, கூடவே புதிய நோயும் வந்தது.

பள்ளியில் உலோகப் படிகங்களை விளக்கும்போது ஒரு பிடி அவலைக் காட்டுவது என் வழக்கம். நெல் இடிபட்டுத் தட்டையாவதுபோல், உருளைகளுக்கிடையே நசுங்கும் உலோகத்தின் மணிகளும் தட்டையாகி அடுக்கடுக்காய்ப் படிகின்றன. தறையாணித் துளையிலும் தகட்டின் வெட்டு விளிம்பிலும் அவ்வடுக்குகளின் முனைகள் வெளியே தெரியும். உப்பு ஈரம் அங்கே நுழைந்து, மணிகளுக்கு இடைப்பட்ட எல்லைகளை அரிக்கும். அரித்ததால் விளையும் பொருள், தான் தின்ற உலோகத்தைவிட அதிக இடம் கேட்கும். ஆப்பு அடித்தாற்போல் மேலடுக்கைத் தூக்கிவிடும். வண்ணப்பூச்சின்மேல் சிறு கொப்புளம் தெரியும்போது உள்ளே பல ஏடுகள் பிரிந்திருக்கக்கூடும். பறக்கும் விமானத்தில் இது எத்துணை அபாயம்!

இயற்கையில் இது தெரிய ஆண்டுகள் ஆகும். அதை நாட்களுக்குள் அடக்க, அமெரிக்கர் 1972-இல் ஒரு சோதனைமுறையை வகுத்தனர். ஒரு லிட்டர் கரைசலில் சோற்றுப்பு 234 கிராம், வெடியுப்பு 50 கிராம், செறிந்த நைட்ரிக் அமிலம் 6.3 மில்லிலிட்டர். 25 பாகை வெப்பத்தில், துத்தநாகக் கலவை 96 மணி நேரமும் செம்புக் கலவை 48 மணி நேரமும் அதில் மூழ்கியிருக்க வேண்டும். பின்பு எடுத்து, மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டுத் தரம் குறிப்பர். இச்சோதனையில் மோசமாக உரியும் துத்தநாகக் கலவையையே கூடுதலாகச் சூட்டில் பக்குவப்படுத்தினால் நன்கு தாங்குகிறது. ஆயினும் வலிமையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு குறைகிறது. உயிர்களைச் சுமக்கும் பொருளுக்கு இது மலிந்த விலை என்பதே என் கருத்து.

இச்சோதனைக்கும் எல்லை உண்டு. லித்தியம் கலந்த சில புதிய அலுமினியங்களில் ஜாடியின் தீர்ப்பும் கடற்கரையின் தீர்ப்பும் ஒத்துப்போகவில்லை. அழகப்பச் செட்டியாரின் கொடையால் காரைக்குடியில் எழுந்து 1953-இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மண்டபத்திலும் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தது. அங்கே உப்புக் காற்று வீசும் வெளியில் உலோகத் தகடுகளைச் சட்டங்களில் பொருத்தி, மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் விட்டுவைத்து, எடுத்து நிறுத்துப் பார்ப்பர்.