மூன்று பொருளிலும் ஆசிரியர்: எம். வி. காமத் நினைவு

தமிழில் 'ஆசிரியர்' என்னும் ஒரு சொல் மூன்று தொழிலாருக்குப் பொதுவாக வழங்கிவருகிறது. மாணாக்கர்க்குப் பாடம் சொல்பவர் ஆசிரியர். நூல் இயற்றியவர் நூலாசிரியர். ஒரு பத்திரிகையை நடத்தி, அதில் வெளிவரும் ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பேற்பவரும் ஆசிரியரே. ஆங்கிலத்தில் இம்மூவர்க்கும் மூன்று வேறு சொற்கள் உண்டு. நாமோ ஒரே சொல்லால் மூவரையும் அழைக்கின்றோம். மூன்று தொழிலையும் ஒருவரே செய்து, மூன்றிலும் பெயர் பெறுவது அரிது.

அத்தகைய அரியவர்களுள் ஒருவர் உடுப்பியில் பிறந்தார். பம்பாயில் தொழில் பழகினார். அயல்நாட்டுத் தலைநகரங்களிலிருந்து எழுதினார். முடிவில் பிறந்த ஊருக்கு அருகே மணிப்பாலில் இளைஞர்க்குப் பாடம் சொன்னார். அவர் எம். வி. காமத். அவர் தமிழரல்லர், கொங்கணியைத் தாய்மொழியாகக் கொண்டவர், எழுதியது ஆங்கிலத்தில். எனினும் அவரை நம் சங்க மலரில் நினைவுகூர்வதற்கு இரண்டு காரணங்கள் உள. அவர் தொழில் கற்ற இடம் ஒரு தமிழர் நிறுவிய பத்திரிகை என்பது ஒன்று. மற்றொன்று ஒரு பழைய புத்தகம்.

சில ஆண்டுகளுக்கு முன் மும்பையில் ஒரு நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் காமத் எழுதிய 'புரொபஷனல் ஜர்னலிசம்' என்னும் நூலின் படியொன்று நமக்குக் கிடைத்தது. அட்டை நைந்து, முதுகில் பழுப்புத் தாள் ஒட்டியிருந்தது. வீட்டில் பிரித்துப் பார்த்தபோது வியந்தோம். பக்கங்களின் ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் தமிழ்ச் சொற்கள்! முகப்பு, தலைப்பு, மெய்ப்பு, அவதூறு என, தொழிற்சொல் வரும் இடந்தோறும் அதற்குரிய தமிழை எழுதி வைத்திருந்தார் யாரோ ஒரு மாணவர். சிலவிடத்து ஒரு சொல்லை எழுதி, அடித்து, வேறொரு சொல் எழுதியிருந்தார். அவர் யார், எவ்வூரினர், பத்திரிகையாளர் ஆனாரா, நாம் அறியோம். ஆங்கிலம் தடுக்கியும் விடாமல், ஒரு நூலைக் கொண்டே ஒரு தொழிலைக் கற்க முயன்றிருக்கிறார் என்பது மட்டும் விளங்கிற்று. அந்த நூலை எழுதியவரைப் பற்றி அறிய வேண்டும் என்னும் ஆவல் அன்று பிறந்தது.

கல்வியான தொழில்

இதழியலைக் கல்வியாகப் பயிற்றுவது நம் நாட்டில் எளிதில் வேரூன்றவில்லை. 1920-இல் அன்னி பெசன்ட் அம்மையார் அடையாற்றில் இயங்கிய தேசியப் பல்கலைக்கழகத்தில் அதற்கொரு பட்டயப் படிப்பைத் தொடங்கினார்; அது நிலைக்கவில்லை. 1938-இல் அலிகரில் தொடங்கிய வகுப்பும் விரைவில் நின்றது. 1941-இல் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் பி. பி. சிங் தொடங்கிய துறையே நிலைபெற்ற முதல் முயற்சி எனலாம். நாட்டுப் பிரிவினைக்குப் பின் அதுவும் லாகூரை விட்டுத் தில்லிக்கு இடம்பெயர வேண்டியதாயிற்று. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் சென்னை, கல்கத்தா முதலிய பல்கலைக்கழகங்கள் இத்துறையில் அடியெடுத்து வைத்தன.

இவ்வளவும் நிகழ்ந்தபோதும், 'செய்தியை மோப்பம் பிடிக்க மூக்கு வேண்டும், கல்லூரி எதற்கு?' என்று நகைத்த மூத்த பத்திரிகையாளர் பலர். அவர்கள் கூற்றில் ஓரளவு உண்மையுண்டு. நீந்தும் கலையைக் கரையிலிருந்து கற்க இயலாது. ஆனால் ஆற்றில் இறங்க இடம் கிடைத்தவர்க்கே அக்கூற்று பொருந்தும். பெருநகரில் உறவினரோ, பத்திரிகை அலுவலகத்தில் அறிந்தவரோ இல்லாத சிற்றூர் இளைஞன் எங்கே இறங்குவான்? அவனுக்கு வகுப்பும் நூலும் வேண்டும். காமத்தின் பிற்கால உழைப்பின் பெருமையை இந்தக் கேள்வியிலிருந்தே நாம் அளந்தறிய வேண்டும்.

சதானந்தரின் பாசறை

மாதவ் விட்டல் காமத் 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் உடுப்பியில் பிறந்தார். அந்நாளில் உடுப்பி, தென் கன்னட மாவட்டத்தின் பகுதியாகச் சென்னை மாகாணத்தில் இருந்தது. அறிவியல் பயின்ற அவர் ஐந்தாண்டுகள் வேதியியலராகப் பணிசெய்தார். 1946-இல் அத்தொழிலை விட்டுப் பம்பாயில் 'ஃபிரீ பிரஸ் ஜர்னல்' நாளேட்டில் செய்தியாளராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்தை ஒட்டியிருந்தது. இதழியல் கல்லூரி எதிலும் பயின்று அவர் அவ்வேலைக்கு வந்தாரல்லர்.

அவர் சென்று சேர்ந்த இடம் எத்தகையது? அந்நாளேட்டை 1930-இல் நிறுவியவர் எஸ். சதானந்த் என்னும் தமிழர். வெளிநாட்டார் கையிலிருந்த செய்தி நிறுவனத்துக்கு மாற்றாக, இந்தியர் கண்கொண்டு இந்தியச் செய்தியைத் தர 'ஃபிரீ பிரஸ் ஆஃப் இந்தியா' என்னும் நிறுவனத்தை இருபதுகளில் தொடங்கியவர் அவர். அரசின் அடக்குமுறைக்கு அஞ்சிப் பிற ஏடுகள் அச்செய்திகளை வெளியிடத் தயங்கிய சூழலில், அவரே ஒரு நாளேட்டை நடத்தத் துணிந்தார். பிணைத்தொகைகளை அரசு பறிமுதல் செய்தபோதும் அவர் தளர்ந்தாரல்லர். 1934-இல் சென்னையில் டி. எஸ். சொக்கலிங்கத்தை ஆசிரியராகக் கொண்டு 'தினமணி' வெளிவரத் தொடங்கியதும் சதானந்தின் முயற்சியாலேயே. 1947 ஆகஸ்டில் சென்னையில் பதிவு செய்யப்பெற்ற பி.டி.ஐ. செய்தி நிறுவனத்தின் தோற்றுநருள்ளும் அவர் ஒருவர். 1953-இல் மறைந்தார். 'தினமணி'யை அறிந்த நம்மவருள் எத்தனை பேர் சதானந்தின் பெயரை அறிவர் என்று எண்ணும்போது வருத்தமே மிஞ்சுகிறது.

சதானந்தின் அலுவலகத்தில் ஊதியம் மிகுதியன்று. ஆயினும் இளைஞர்க்கு இடமுண்டு. இடத்தோடு பொறுப்பும் உண்டு. ஆர். கே. லக்ஷ்மண் தம் தொடக்க நாள்களில் கேலிச்சித்திரம் வரைந்தது அந்த ஏட்டில்தான். பால் தாக்கரேயும் அங்கே ஓவியராக இருந்தார். பலர் அங்குக் கற்றுத் தேர்ந்து வேறு ஏடுகளுக்குச் சென்றனர். ஆகவே அதனைப் பத்திரிகையாளரின் நாற்றங்கால் என்பர். காமத் அங்கே செய்தியாளராகத் தொடங்கிச் சிறப்புச் செய்தியாளராகி, அந்நிறுவனத்தின் மாலை ஏடாகிய 'ஃபிரீ பிரஸ் புல்லட்டி'னுக்கு ஆசிரியராகவும் உயர்ந்தார். 

அக்காலப் பத்திரிகை அலுவலகத்தில் பாடநூல் என்று ஒன்றில்லை. செய்தியாளர் எழுதிய தாளைத் துணையாசிரியர் வாங்கிப் பாதியை அடிப்பார். ஏன் அடித்தார் என்று சொல்ல அவருக்கு நேரமிராது. மறுநாள் அச்சில் வந்ததைப் பார்த்து, எது போயிற்று, எது நின்றது என்று எழுதியவரே கண்டுகொள்ள வேண்டும். கற்பித்தோர் தாம் கற்பிப்பதாக எண்ணவில்லை. இம்முறையில் தேர்ந்தோர் சிறப்பாகத் தேர்ந்தனர். ஆனால் அவரோடு அவர் அறிந்ததும் மறைந்தது. இதனை உள்ளிருந்து கண்டவர் காமத்.

உலகைச் சுற்றி வந்தவர்

ஐம்பதுகளில் ஐக்கிய நாடுகள் அவையில் பி.டி.ஐ. நிறுவனத்தின் செய்தியாளராக அவர் பணிபுரிந்தார். பின்னர் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வுக்காக ஐரோப்பாவிலிருந்து எழுதினார். 1967 முதல் 1969 வரை அதன் ஞாயிறு இதழுக்கு ஆசிரியர். 1969 முதல் 1978 வரை வாஷிங்டனில் செய்தியாளர். வங்கதேசப் போர் நிகழ்ந்த 1971-உம், குடியரசுத் தலைவர் நிக்சன் பதவி துறந்த 1974-உம் அவ்வாண்டுகளுள் அடங்கும். இந்தியா பற்றி அமெரிக்கர் என்ன எண்ணுகின்றனர் என்பதை நம் வாசகர் அறிந்துகொள்ள விழைந்த காலம் அது.

1978-இல் குஷ்வந்த் சிங்குக்குப் பின் 'இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி'யின் ஆசிரியர் பொறுப்பு அவரை வந்தடைந்தது. முன்னவர் அவ்விதழை நாடெங்கும் பேசவைத்திருந்தார். புகழ் பெற்றவர் எழுந்த நாற்காலியில் அமர்வது எளிதன்று. தம் இயல்புக்கேற்ற வழியிலேயே காமத் இதழை நடத்தினார். அவ்விதழும் 1993-இல் நின்றுபோயிற்று. இதழாளரின் உழைப்புக்குரிய விதி இதுவே. காலையில் கைக்கு வந்த நாளேடு மாலையில் கடையில் பொட்டலம் கட்டப் போகும். வாரப் பத்திரிகைக்கு ஆயுள் சற்று நீளம்; அவ்வளவே.

எழுதிவைத்த ஆசிரியர்

இவ்விதியை மீறுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. நூல் எழுதுவது ஒன்று; பிறர்க்குக் கற்பிப்பது மற்றொன்று. காமத் இரண்டையும் மேற்கொண்டார். அவர் எழுதிய நூல்கள் நாற்பதுக்கும் மேற்பட்டவை. ஆனந்தில் பால் கூட்டுறவை வளர்த்த வர்கீஸ் குரியனின் வரலாறு, இந்திய-அமெரிக்க உறவின் வரலாறு, தம் தொழில் வாழ்க்கையைக் கூறும் 'எ ரிப்போர்ட்டர் அட் லார்ஜ்' முதலியன அவற்றுள் அடங்கும். அவை அனைத்திலும் நாம் முதன்மையாகக் கருதுவன அவருடைய பாடநூல்களே. செய்தி சேகரித்தல், நேர்காணல், எழுதியதைச் செப்பனிடல், தலைப்பிடல் என்று, முன்னாளில் அலுவலகத்தில் அடிபட்டுக் கற்ற தொழில்முறைகளை, எவரும் விலைகொடுத்து வாங்கிப் படிக்கும் நூலாக அவர் ஆக்கினார்.

செய்தியின் சாரத்தை முதற்பத்தியிலேயே கூறிவிட வேண்டும் என்பது இதழியலின் அரிச்சுவடி. யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எவ்வாறு என்னும் வினாக்களுக்கு விடையின்றிச் செய்தி முழுமை பெறாது. அரசு அலுவலகத்தில் கோப்புகளில் குறிப்பெழுதிக் காலம் கழிக்கும் நமக்கு இப்பாடம் நேரே தைத்தது. மூன்று பக்கம் முன்வரலாறு எழுதி, முடிவு இன்னதென்பதை நான்காம் பக்கத்தின் அடியில் ஒளித்து வைக்கும் கலையில் நாம் கைதேர்ந்தவர்கள் அல்லவா? மேலதிகாரி கேட்பதை முதல் வரியில் கூறும் துணிவை அந்தப் பழைய புத்தகமே நமக்குத் தந்தது.

பெறத்தக்க பதவிகளையெல்லாம் பெற்றபின் காமத் மணிப்பாலுக்குத் திரும்பினார். ஒரு காலத்தில் மரமற்ற மொட்டைக் குன்றாக இருந்து, டாக்டர் டி. எம். ஏ. பை அவர்களின் முயற்சியால் கல்வி நகரமாக மலர்ந்த ஊர் அது. அங்கே தொடர்பியல் கல்லூரியின் கௌரவ இயக்குநராக அவர் இருந்தார். பிரசார் பாரதியின் தலைவர் பொறுப்பும் அவரை வந்தடைந்தது. 2004-இல் பத்மபூஷண் விருது பெற்றார். முதுமையிலும் பத்திரிகைகளில் தொடர்ந்து பத்தி எழுதினார். 2014 அக்டோபர் 9-ஆம் நாள் மணிப்பாலில், தம் 93-ஆம் வயதில் மறைந்தார்.

நிறைகோல்

புகழுரை மட்டும் கூறி முடித்தால் அது இதழாளர் ஒருவர்க்குச் செய்யும் அஞ்சலியாகாது. பிற்காலத்தில் காமத் எழுதிய அரசியல் பத்திகளில் அவர் ஒரு பக்கம் சாய்ந்தார் என்று கூறியவர் பலர். தாம் ஏற்ற கருத்தை அவர் மறைத்தாரல்லர். 2009-இல் நரேந்திர மோடியைப் பற்றிய நூலை மற்றொருவரோடு சேர்ந்து எழுதினார். அவர் கருத்தை ஏற்போரும் மறுப்போரும் நம்முள்ளும் உளர். நன்னூலார் நல்லாசிரியர்க்குக் கூறும் உவமைகளுள் நிறைகோலும் ஒன்று. எத்தட்டிலும் சாயாது நிற்பதே நிறைகோலின் இயல்பு. பத்தி எழுத்தாளர் நிறைகோலாக நிற்க வேண்டுமென்று எதிர்பார்க்க இயலாது. அவர் தட்டில் வைக்கும் எடையே அவர் கருத்து. ஆனால் செய்தி வேறு, கருத்து வேறு என்று பிரித்தறியும் பாடத்தை இதழியல் ஆசிரியரிடமே மாணவர் பெறுகின்றனர். அப்பாடத்தைக் கற்ற மாணவர், கற்பித்தவர் எழுதிய பத்தியையும் அதே கோலில் நிறுத்துப் பார்க்கலாம். நல்ல ஆசிரியர் தம்மையும் அளக்கும் கோலையே மாணவர் கையில் தந்து செல்கிறார். அது அவர்க்கு இழுக்கன்று.

ஓரத்தில் ஒரு வினாக்குறி

மீண்டும் அந்தப் பழைய புத்தகத்துக்கு வருவோம். பெயரறியா அம்மாணவர் ஓரிடத்தில் மட்டும் தமிழ் எழுதாமல் வினாக்குறி இட்டிருந்தார். 'பைலைன்' என்னும் சொல் வரும் இடம் அது. செய்தியின் தலையில், எழுதியவர் பெயரைத் தாங்கி நிற்கும் வரியை அவ்வாறு வழங்குவர். இளஞ்செய்தியாளர் ஒவ்வொருவரும் தம் பெயர் முதன்முதல் அச்சேறும் அந்நாளுக்காக ஏங்குவர். காமத்தின் பெயர் அவ்வாறு எத்தனையோ ஆயிரம் முறை அச்சேறியிருக்கும். அந்தத் தாள்களில் பெரும்பாலானவை இன்றில்லை.

ஆனால் அவர் பாடம் சொன்ன மாணவரும், அவர் நூலைப் படித்த முகமறியா மாணவரும் எழுதும் செய்திகளில் அவர் பெயர் இராது. அவர் கற்பித்தது இருக்கும். சதானந்தின் அலுவலகத்தில் காமத்தின் தாளை அடித்துத் திருத்திய துணையாசிரியர்களின் பெயரும் காமத்தின் செய்திகளில் இல்லை. பத்திரிகை ஆசிரியர்க்குப் பெயர் அச்சேறும், நூலாசிரியர்க்கும் அச்சேறும், பாடம் சொல்லும் ஆசிரியர்க்கோ பிறர் பெயரே தம் பெயர்.

நம்மால் இயன்றது என்ன என்று சங்க அன்பர்கள் கேட்கலாம். சதானந்தின் வாழ்வைப் பம்பாய்த் தமிழராகிய நாம் விரிவாகத் தமிழில் எழுத வேண்டும். அம்மாணவர் பென்சிலால் தொடங்கிய பணியை, இதழியல் பாடநூல்களை நல்ல தமிழில் தருவதன்மூலம் நாம் தொடர வேண்டும். அந்த வினாக்குறிக்கு அருகே எழுத ஒரு சொல்லை நாமும் பல நாள் தேடினோம். இன்னும் எழுதவில்லை. நம் பிள்ளைகளுள் ஒருவர் எழுதட்டும் என்று அந்தப் புத்தகத்தைச் சங்க நூலகத்துக்கு அளித்திருக்கின்றோம்.