ஆங்கிலத்துக்கு எ, ஆன். நமக்கு ஒரு, ஓர்



மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று எந்தப் பள்ளியின் ஆங்கிலக் கட்டுரை நோட்டைத் திறந்தாலும் ஒரு பிழை கண்ணில் படும். 'ஐ சா டாக்', 'ஷீ ஈஸ் டீச்சர்' என்று 'எ'வை விட்டுவிட்டுப் பிள்ளைகள் எழுதியிருப்பார்கள். "இதுகூடத் தெரியாதா?" என்று அதட்டுவதற்கு முன் அந்த 'எ'யின் வரலாற்றைப் பார்த்துவிடுவோம்.

தமிழில் 'நாய் வந்தது' என்றால் வாக்கியம் முடிந்தது. சமஸ்கிருதம், லத்தீன், ரஷ்ய மொழிகளிலும் அப்படியே. ஆங்கிலமும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. சுமார் 1000 ஆண்டுகளுக்கு முன் 'ஆன்' என்பது 'ஒன்று' என்ற எண்ணுப்பெயர். நாளடைவில் அழுத்தம் குறைந்து, ஒருமைப் பெயருக்கு முன் ஒட்டிக்கொண்டது. பிறகு மெய்யொலிக்கு முன் 'ன்' உதிர்ந்து 'எ' ஆனது. ஆக, 'ஆன்'தான் மூத்தது. 'எ' அதன் தேய்ந்த வடிவம்.

இந்த 'ன்' அலைந்த கதையும் உண்டு. சமையலறை 'ஏப்ரன்' முதலில் 'நேப்ரன்'. 'எ நேப்ரன்' என்றதை 'ஆன் ஏப்ரன்' என்று மக்கள் பிரித்துக் கேட்டார்கள், அதுவே நிலைத்துவிட்டது.

நம் தொல்காப்பியம் குற்றியலுகரப் புணரியலில் இதைப் போன்ற விதி இருக்கிறது. ஒன்று, இரண்டு ஆகியவற்றின் முன் உயிர் வந்தால் உகரம் கெடும், முதலெழுத்து நீளும். ஒரு 'ஓர்' ஆகும், இரு 'ஈர்' ஆகும். தெருமுனையில் 'ஒரு வழிப்பாதை', செய்தித்தாளில் 'ஓராண்டு'. உறவில்லாத இரண்டு மொழிகளிலும் நாக்கு ஒரே வசதியைத் தேடியிருக்கிறது.

வேறுபாடு ஒன்றே. நாம் தேவைப்பட்டால் 'ஒரு' போடுவோம். ஆங்கிலத்தில் எண்ணக்கூடிய ஒருமைப் பெயர் பொதுவாகத் தனியே நிற்காது. எ, தி, மை என ஏதாவது ஒன்று முன்னால் வேண்டும். 'மில்க்', 'ரைஸ்' எண்ண முடியாதவை. அவற்றுக்கு 'எ' வேண்டாம்.

எ-யா, ஆன்-ஆ என்று குழப்பமா? அந்தச் சொல்லைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். மணியைக் குறிக்கும் 'அவர்', 'எம்.எல்.ஏ.' இரண்டும் உயிரெழுத்தில் தொடங்குகின்றன, ஆன். 'யூனிவர்சிட்டி', 'யூனிஃபார்ம்' யகரத்தில் தொடங்குகின்றன, எ. ஆங்கில எழுத்து மறைக்கும் ஒலியைத் தமிழ் எழுத்து காட்டிக்கொடுத்துவிடும்.

'எ'வை விடும் பிள்ளை மந்தமில்லை. தாய்மொழியின் வழக்கத்தில் எழுதுகிறது, அவ்வளவுதான். வீட்டில் பேரப்பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லிப் பாருங்கள்.