யெர்முண்ட் டால்க்விஸ்ட்

யெர்முண்ட் டால்க்விஸ்ட் (1925–2005) சுவீடன் நாட்டுக் கணிதவியலாளர். வகைக்கெழுச் சமன்பாடுகளுக்குக் கணினியில் விடை தேடும் முறைகளில் எவை நம்பத்தக்கவை, எவை காலை வாரிவிடும் என்று பிரித்துக் காட்டியவர். புது முறை கண்டு பேர் வாங்கியவர்கள் இத்துறையில் பலர். இவரோ எது முடியாது என்று நிறுவிப் பேர் வாங்கினார்.

உப்சாலாவில் பிறந்து ஸ்டாக்ஹோமில் படித்தார். நாஜிகளிடமிருந்து தப்பி டென்மார்க்கிலிருந்து வந்திருந்த கணிதவியலாளர் ஹரால்ட் போரின் தாக்கம் அங்கேதான் அவர்மீது விழுந்தது. போர், இயற்பியலாளர் நீல்ஸ் போரின் தம்பி. 1908 ஒலிம்பிக் கால்பந்தில் வெள்ளி வென்ற அணியில் ஆடியவரும்கூட. டால்க்விஸ்ட் பிறகு அரசின் கணிப்பொறி வாரியத்தில் சேர்ந்தார். வாரியம் கட்டிய ‘பெஸ்க்’ கணினி 1953-இல் ஓடத் தொடங்கியது.

வகைக்கெழுச் சமன்பாட்டுக் கணக்கைக் கணினியில் ஒவ்வோர் அடியாகத்தான் நகர்த்த முடியும். ஓரடியில் நேரும் பிழை சிறிதாக இருந்தால் மட்டும் போதாது, அது போகப்போகப் பெருகவும் கூடாது என்பதை 1956 கட்டுரையில் அவர் துல்லியமாக்கினார். முந்தைய நான்கு மதிப்புகளைப் பயன்படுத்தும் நேரியல் முறைக்கு ஏட்டளவில் எட்டாம் வரிசைத் துல்லியம் கிடைக்கும். நிலைப்பும் வேண்டுமென்றால் ஆறைத் தாண்ட முடியாது. இது அவரது முதல் தடை.

இரண்டாவது தடை இன்னும் கறாரானது. ஒன்றிலிருந்து தொடங்கி, தன் மதிப்பைப்போல் 100 மடங்கு வேகத்தில் குறையும் ஓர் அளவை எடுத்துக்கொள்வோம். அது நொடியில் பூஜ்யத்தை ஒட்டிவிடும். ஆய்லரின் எளிய முறையில் 0.03 அளவு அடி வைத்தால் விடை 1, −2, 4, −8 என்று வெடிக்கும். வேதிவினைகளிலும் மின்சுற்றுகளிலும் இத்தகைய ‘விறைப்பான’ கணக்குகள் ஏராளம். அடி எவ்வளவு நீண்டாலும் வெடிக்காத நேரியல் பல்படி முறைக்கு இரண்டாம் வரிசையே உச்சம் என்று 1963-இல் டால்க்விஸ்ட் நிறுவினார். அவற்றில் பிழை மிகக் குறைந்தது அடியின் இரு முனைகளிலும் உள்ள வேகங்களின் சராசரியை எடுக்கும் பழைய சரிவக விதிதான்!

மின்சுற்றுகளைக் கணிக்கும் ‘ஸ்பைஸ்’ மென்பொருள் இன்றும் அந்த விதியைப் பயன்படுத்துகிறது. மேற்சொன்ன கணக்கில் அது 1, −0.2, 0.04 என்று குறி மாறி மாறி அடங்கும். அடியை இன்னும் நீட்டினால் அந்த ஆட்டம் அடங்கவே நெடுநேரம் பிடிக்கும். சுற்றில் இல்லாத அதிர்வு திரையில் தெரியும்போது பொறியாளர்கள் அதை விரைவில் அடக்கும் கியர் முறைக்கு மாறிக்கொள்கிறார்கள்.