கன்டெய்னர் உடைந்தால் சர்வர் என்னவாகும்?

பொன்னமராவதியில் நம்மிடம் ஓதிய பிள்ளைகளில் சிலர் இன்று சென்னையிலும் வளைகுடாவிலும் சர்வர் வேலை பார்க்கிறார்கள். ஜமாஅத்தின் சந்தாக் கணக்கையும், உதவி பெறும் குடும்பங்களின் பட்டியலையும் வாடகை சர்வரில் 'டாக்கர்' போட்டு ஏற்றித் தரலாம் என்று அவர்களில் ஒருவர் சொன்னார். யார் கஷ்டத்தில் இருக்கிறார்கள் என்ற விவரம் அமானிதம் அல்லவா? அது வெளியே போகாதா என்று கேட்டோம். அவரிடம் கேட்டும், தேடிப் படித்தும் அறிந்ததை இங்கே தருகிறோம்.

2013-ல் வெளிவந்த டாக்கர், ஒரு மென்பொருளை அதற்குத் தேவையான அனைத்தோடும் ஒரே பெட்டியாகக் கட்டி ஓட்டுகிறது. அந்தப் பெட்டிதான் கன்டெய்னர். விர்ச்சுவல் மெஷின் தனி வீடு என்றால் இது ஒண்டுக்குடித்தனம். அறைகள் வேறு, ஆனால் எல்லா அறைக்கும் லினக்ஸ் கெர்னல் ஒன்றுதான். நேம்ஸ்பேஸ் என்ற தடுப்பு ஒருவர் அறையை மற்றவர் பார்க்காமல் மறைக்கிறது. சிகுரூப், ஒருவரே மெமரி முழுவதையும் எடுத்துக்கொள்ளாமல் அளந்து கொடுக்கிறது. தடுப்பில் ஓட்டை விழுந்தால் ஆபத்து அந்த அறையோடு நிற்காது.

அப்படி விழுந்தும் இருக்கிறது. கன்டெய்னரைத் துவக்கும் 'ரன்சி' என்ற நிரலில் இருந்த பிழை 2019 பிப்ரவரியில் வெளியானது (சிவிஇ-2019-5736). கன்டெய்னருக்குள் ரூட் அதிகாரத்தில் ஓடும் தீய நிரல், வெளியே சர்வரில் உள்ள ரன்சி கோப்பையே மாற்றி எழுதி, சர்வர் முழுவதற்கும் ரூட் ஆகிவிட முடிந்தது. 2024 ஜனவரியிலும் அதே ரன்சியில் வெளியேறும் வழி ஒன்று தெரியவந்து, 1.1.12 பதிப்பில் அடைக்கப்பட்டது.

ஆனால் பெரும்பாலும் திருடன் சுவரை உடைப்பதில்லை, கதவு திறந்தே கிடக்கிறது. 2018-ல் டெஸ்லா நிறுவனத்தின் குபர்னெட்டிஸ் நிர்வாகப் பக்கத்துக்குக் கடவுச்சொல்லே இல்லை. நுழைந்தவர்கள் அதில் கிரிப்டோ நாணயம் தோண்டினார்கள். அதே ஆண்டு டாக்கர் ஹப்பிலிருந்து நீக்கப்பட்ட 17 இமேஜ்களிலும் இதே வேலைதான் ஒளிந்திருந்தது. அதற்குள் அவை 50 லட்சம் தடவைக்கு மேல் இறக்கப்பட்டிருந்தன!

ஆகவே இமேஜை அதிகாரப்பூர்வ இடத்திலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். உள்ளே ஓடும் நிரலுக்கு ரூட் தரக்கூடாது. 2020-ல் நிலைபெற்ற 'ரூட்லெஸ்' முறையில் டாக்கரையே சாதாரணப் பயனராக ஓட்டலாம். 'பிரிவிலெஜ்டு' என்ற சொல்லைக் கட்டளையில் பார்த்தால் காரணம் கேளுங்கள், அது தடுப்புகளை ஏறக்குறைய முழுவதும் தளர்த்திவிடும். 'டாக்கர் சாக்கெட்' கோப்பைக் கன்டெய்னருக்குள் கொடுப்பது வீட்டுச் சாவிக்கொத்தைக் குடித்தனக்காரரிடம் கொடுப்பதுதான். 2375 போர்ட்டை இணையத்துக்குத் திறக்கவே கூடாது. மெமரிக்கு வரம்பு வையுங்கள். கெர்னலையும் ரன்சியையும் புதுப்பித்துக்கொண்டே இருங்கள்.

பலரும் தவறும் இடம் இன்னொன்று. உபுண்டுவில் 'யுஎஃப்டபிள்யூ' ஃபயர்வால் போட்டிருக்கிறோமே என்று இருந்துவிடுவார்கள். டாக்கர் திறக்கும் போர்ட் அதைத் தாண்டிப் போய்விடும். டேட்டாபேஸ் போர்ட்டை 127.0.0.1 முகவரியோடு மட்டும் கட்ட வேண்டும். இதை நம் தம்பியிடம் கேட்டபோது, சற்று யோசித்துவிட்டு, "ஹஜ்ரத், நாளைக்கே பார்த்துவிடுகிறேன்" என்றார். பட்டியலை இன்னும் ஏற்றவில்லை.